முதல் தொடுதலை நம்பாதீர்கள்: சருமம், கூந்தல், உதடு ஆகியவற்றின் ஈரப்பதம் காக்கும் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு புதிய க்ரீமைப் புறங்கையில் தடவிய அரை நிமிடத்திலேயே அது நல்லதா, கெட்டதா என்று பெரும்பாலோர் தீர்மானித்துவிடுகிறோம். அந்த அரை நிமிடத்தில் நாம் உணர்வது வழுவழுப்பையும் வாசனையையும் குளிர்ச்சியையும்தான். வழுவழுப்பு பெரும்பாலும் சிலிகோன்களாலும் மெல்லிய எண்ணெய்களாலும் வருகிறது. குளிர்ச்சி, க்ரீமில் உள்ள நீரோ ஆல்கஹாலோ ஆவியாவதால் வருகிறது. வாசனைக்கும் ஈரப்பதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு பொருள் தோலின் நீரை உண்மையிலேயே காக்கிறதா என்பது தடவிய பல மணி நேரம் கழித்தும், சில வாரங்கள் விடாமல் பயன்படுத்திய பின்பும், இன்னும் சொல்லப்போனால் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திய பின்பும்தான் தெரியவரும். ஆகவே கீழே வரும் படிகளில் பாதிக்கு மேற்பட்டவை காத்திருப்பதைப் பற்றியவை.

எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது

தோலின் மேற்படலம் இறந்த செல்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். அந்தச் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக அமைந்து, உள்ளிருக்கும் நீர் வேகமாக வெளியேறாமல் பார்த்துக்கொள்கின்றன. செல்களுக்குள்ளே யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள் போன்றவை நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேற்படலத்தில் நீரின் அளவு சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையும் தன்மையை இழந்து, செதிலாக உரியவும் வெடிக்கவும் தொடங்குகிறது.

கடைகளில் கிடைக்கும் மாய்ஸ்சரைசர்கள் எல்லாம் மூன்று வகைப் பொருள்களின் கலவைதான். முதல் வகை நீரை ஈர்த்துப் பிடிப்பவை: கிளிசரின், ஹையலுரோனிக் அமிலம், யூரியா, சார்பிட்டால், பாந்தெனால். இரண்டாம் வகை உரிந்து நிற்கும் செல்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பித் தோலை மென்மையாக்குபவை: ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள், சீட்டைல் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள். மூன்றாம் வகை மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, லானோலின், டைமெதிகோன். இவற்றுள் ராபர்ட் செஸ்பரோ 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லியை, நீரிழப்பைத் தடுப்பதில் விஞ்சக்கூடிய பொருள் இன்றளவும் அரிது. பிசுபிசுப்புதான் அதன் ஒரே குறை. விலை உயர்ந்த பல க்ரீம்களின் சாதனை, அதே வேலையைக் குறைந்த பிசுபிசுப்போடு செய்வதுதான். அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறொன்றுமில்லை, ஆனால் எதற்குச் செலவழிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று வகைகளும் தெரிந்தால், ஒரு பொருள் உங்களிடம் ஏன் தோற்றது என்பதையும் ஊகிக்க முடியும். நீரை ஈர்க்கும் பொருள்கள் மட்டுமே உள்ள ஜெல்லை வறண்ட காற்றில் பூசினால், மேலே தடுப்புப் படலம் எதுவும் இல்லாததால், ஈர்த்த நீர் விரைவில் ஆவியாகிவிடும். ஏற்கெனவே காய்ந்து போன தோலின் மீது வெறும் எண்ணெயைத் தடவினால் காப்பதற்கு அங்கே போதிய நீர் இருக்காது.

படி 1: சோதனைக்கு முந்தைய நிலையைக் குறித்துக்கொள்ளுதல்

எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல முடியாது. புதிய பொருள் எதையும் தொடுவதற்கு முன், ஒரு வார காலம் வழக்கமான பொருள்களோடு மட்டும் இருந்து, தினமும் ஒரே நேரத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறம், கன்னம், உதடு. கூந்தலைக் குளித்த நாளன்றும் அதற்கு மறுநாளும் பார்த்தால் போதும். சன்னலோரம், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பது பிற்பாடு நினைவை நம்ப வேண்டிய தேவையைக் குறைக்கும்.

வறட்சியை அளக்கக் கருவி தேவையில்லை. கால் தோலில் நகத்தால் இலேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; வெள்ளைக் கோடு எவ்வளவு தெளிவாக விழுகிறதோ அவ்வளவு வறட்சி. இன்னொரு வழி, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைத் தோலில் மெதுவாக அழுத்தி எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பார்ப்பது. செதில்களின் அளவும் அடர்த்தியும் அதில் நன்றாகத் தெரியும், தேதி எழுதி வைத்தால் வாரங்கள் கழித்து ஒப்பிடவும் உதவும். புண் உள்ள இடத்திலும் மிக மெல்லிய தோலிலும் இதைச் செய்யக் கூடாது.

இந்த வாரத்திலேயே ஒரு கேள்விக்கும் பதில் தேடிவிடுங்கள்: வறட்சிக்குக் காரணம் மாய்ஸ்சரைசர் போதாமைதானா? தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை கொண்டது, அமில-கார அளவைக் காட்டும் அதன் பி.எச். மதிப்பு சுமார் 5-ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்புக்கட்டியின் மதிப்போ 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை. சுடுநீரில் நெடுநேரம் குளித்து, உடல் முழுவதும் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர் எந்த க்ரீமைத் தடவினாலும் அது இழப்பை ஈடுகட்டுவதிலேயே தீர்ந்துபோகும். குளியலை வெதுவெதுப்பான நீருக்கு மாற்றி, சோப்பைத் தேவையான இடங்களோடு நிறுத்திக்கொண்டாலே சிலருக்குப் புதிய பொருளுக்கான தேவையே பாதியாகிவிடும். அந்த மாற்றத்தையும் புதிய க்ரீமையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எது பலன் தந்தது என்பது தெரியாமலேயே போய்விடும்.

படி 2: பின்புற அட்டையைப் படித்தல்

முன்புற அட்டையில் இருப்பது விளம்பரம். பின்புறத்தில் உள்ள உட்பொருள் பட்டியல், பெரும்பாலான நாடுகளின் விதிகளின்படி, அதிக அளவில் உள்ளதிலிருந்து குறைந்த அளவில் உள்ளது வரை இறங்குவரிசையில் எழுதப்படுகிறது. ஆனால் 1 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த இடத்தில்தான் கவர்ச்சியான மூலிகைச் சாறுகள் முன்னே ஏறி நிற்கும். அந்த 1 சதவீத எல்லை எங்கே என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அதிகபட்சம் 1 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. ஆகவே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் பெரும்பாலும் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அதற்குப் பிறகு கிளிசரின் வந்தால், அந்த க்ரீமின் கிளிசரினை நம்பி வாங்குவதில் பொருளில்லை. ஹையலுரோனிக் அமிலத்தின் கதை வேறு. மிகக் குறைந்த அளவிலேயே அது குழம்பாகிவிடும் என்பதால் பெரும்பாலும் பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும்.

யூரியாவின் சதவீதத்தைத் தனியே கவனியுங்கள். 10 சதவீதம் வரை அது முக்கியமாக நீரைப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. குதிகால் வெடிப்புக்குப் பொருந்தும் அந்தச் செறிவு முகத்துக்குப் பொருந்தாது.

'வாசனையற்றது' என்பதும் 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது' என்பதும் ஒன்றல்ல. முதல் வகையில், மூலப்பொருள்களின் இயல்பான நெடியை மறைப்பதற்கென்றே ஒரு வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடியவர்கள் இரண்டாவதைத்தான் தேட வேண்டும். பதப்படுத்தும் பொருள்களில் மீதைல்ஐசோதையசோலினோன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தொடு ஒவ்வாமை பெருகியதால், கழுவாமல் தோலிலேயே விடப்படும் அழகுப் பொருள்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. 'இயற்கையானது' என்ற சொல்லுக்கு ஒவ்வாமை விஷயத்தில் எந்த மதிப்பும் இல்லை. லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வருவது, புரோபோலிஸ் தேன்கூட்டிலிருந்து வருவது. இரண்டுமே அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள்கள்தாம்.

படி 3: ஒவ்வாமைச் சோதனை

கடைக்காரர் மணிக்கட்டில் தடவிவிட்டு ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்வது ஒவ்வாமைச் சோதனை ஆகாது. தொடு ஒவ்வாமை தாமதமாக வெளிப்படும் இயல்புடையது. தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிச் செய்யும் பட்டைச் சோதனையை 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும், அதன் பிறகு மேலும் ஓரிரு நாள் கழித்து மறு முறையும் பார்ப்பது இதனால்தான். வீட்டில் செய்யக்கூடிய எளிய முறை இது: முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும், ஏழு முதல் பத்து நாள்கள் வரை அதே இடத்தில் தடவுங்கள். அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம், சொரசொரப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் கழுவிவிட்டு அந்தப் பொருளை விலக்கிவிடலாம்.

ஷாம்பு, கண்டிஷனர் போன்ற கழுவிவிடும் பொருள்களைத் தோலில் அப்படியே விட்டுவிடக் கூடாது. வழக்கமாகத் தலையில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் மட்டும் முன்கையில் வைத்துக் கழுவ வேண்டும். லிப் பாமையும் முதலில் முன்கையில்தான் சோதிக்க வேண்டும். உதட்டில் வரும் ஒவ்வாமை ஆறுவதற்கு நாள்கள் பிடிக்கும், சாப்பிடுவதும் பேசுவதும்கூடத் துன்பமாகிவிடும்.

ஓர் எரிச்சலையும் ஓர் ஒவ்வாமையையும் பிரித்தறிவது பயனுள்ளது. யூரியாவோ லாக்டிக் அமிலமோ கொண்ட க்ரீம் வெடித்த தோலில் பட்டதும் சுரீரென்று எரிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கினால், அது பெரும்பாலும் வெடிப்பின் விளைவுதான். வெடிப்பு ஆறிய பின் மறுபடி முயலலாம். எரிச்சல் அடங்காமல் நீடித்தாலோ, மறுநாள் அரிப்பாக மாறினாலோ அது வேறு விஷயம். கண்ணிமை, உதடு, நாக்கு வீங்குவதும் மூச்சுத் திணறுவதும் உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்.

படி 4: உடல் தோலில் இடம்-வலம் ஒப்பீடு

இரண்டு க்ரீம்களை இரண்டு வெவ்வேறு வாரங்களில் பயன்படுத்தி ஒப்பிட்டால், அந்த வாரங்களின் வெயிலும் குளிரும் தூக்கமும் கணக்கில் கலந்துவிடும். ஒரே நேரத்தில் இடது காலில் ஒன்றையும் வலது காலில் மற்றொன்றையும் பூசினால் இந்தக் குழப்பம் வராது. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி இதற்கு மிகப் பொருத்தமான இடம். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, வறட்சி முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். விருப்பு வெறுப்பு தீர்ப்பைக் கெடுக்காதிருக்க வேண்டுமென்றால், வீட்டில் உள்ள ஒருவரிடம் சொல்லி இரண்டையும் சுத்தமான, உலர்ந்த, ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களில் 'இடது', 'வலது' என்று மட்டும் எழுதி மாற்றி வைக்கச் சொல்லலாம். சற்று மிகையாகத் தோன்றும், ஆனால் நூறு பேரின் புகழுரையைப் படித்துவிட்டு வாங்கிய க்ரீமை நடுநிலையோடு பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அளவு சமமாக இல்லாவிட்டால் ஒப்பீடு வீண். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை டியூபிலிருந்து பிதுக்கும் க்ரீம் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். தோல் மருத்துவத்தில் 'விரல் நுனி அளவு' என்று வழங்குவது இதுதான். பெரும்பாலோர் இதைவிடக் குறைவாகத் தடவிவிட்டு, க்ரீம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

குளித்த சில நிமிடங்களுக்குள், துவாலையால் ஒற்றி எடுத்த பின் தோல் இன்னும் இலேசாக ஈரமாக இருக்கும்போது, முடி வளரும் திசையில், தேய்க்காமல் தடவுங்கள். பிறகு தடவிய ஒரு மணி நேரம் கழித்தும், நான்கு மணி நேரம் கழித்தும், எட்டு மணி நேரம் கழித்தும் நகக்கோட்டைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா க்ரீமும் தேறிவிடும். நான்காம் மணியில் வேறுபாடு தொடங்கும். எட்டாம் மணியில், அல்லது மறுநாள் குளிக்கும் முன், வெள்ளைக் கோடு மங்கலாகவே இருக்கும் காலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்களின் குறிப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். மேற்படலம் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக ஆகும். ஆகவே இரண்டு வாரங்களுக்குக் குறைந்த சோதனை, க்ரீம் தோலை எப்படி மூடியது என்பதைக் காட்டுமே தவிர, தோல் தேறியதா என்பதைக் காட்டாது.

படி 5: நிறுத்திப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1978-இல் வெளியிட்ட முறை இது: வறண்ட கால் தோலில் சில வாரங்கள் மாய்ஸ்சரைசரைத் தொடர்ந்து தடவி, பிறகு நிறுத்திவிட்டு, பழைய வறட்சி திரும்புவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்ப்பது. தடவும்போது எல்லாத் தோலும் நன்றாகத்தான் இருக்கும். நிறுத்திய பின் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் க்ரீம்கள் பிரிந்து நிற்கும்.

வீட்டில் இதைச் செய்வது எளிது. இரண்டு அல்லது மூன்று வாரங்கள் முடிந்ததும் இரண்டு கால்களிலும் ஒரே நாளில் நிறுத்திவிடுங்கள். குளியல் வழக்கம் மாறக் கூடாது. தினமும் அதே நேரத்தில் நகக்கோடு, மூன்று நாளுக்கு ஒரு முறை ஒட்டுநாடா. மறுநாளே செதில் தோன்றிவிட்டால், அந்தக் க்ரீம் மேலே படலமாக மட்டும் இருந்திருக்கிறது. சில நாள்கள் தாங்கினால், மேற்படலத்தின் நிலையே தேறியிருக்கிறது என்று கொள்ளலாம். கிளிசரின் செறிவாக உள்ள க்ரீம்கள் இந்தச் சோதனையில் பொதுவாக நன்றாக நிற்கின்றன. ஒரு எச்சரிக்கை: எக்ஸிமா போன்ற நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன மாய்ஸ்சரைசரைச் சோதனைக்காக நிறுத்தக் கூடாது.

முகத்தைப் பற்றிச் சில சொற்கள்

முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் என்பதால், உடலில் வென்ற க்ரீம் அங்கே தோற்கலாம். முன்கைச் சோதனை முடிந்ததும் தாடையோரத்தில் ஒரு பக்கம் மட்டும் தொடங்கி, வாரம் ஒன்று கழித்துக் கன்னத்துக்குப் போகலாம். பருவும் வெண்புள்ளியும் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முகத்துக்கான சோதனையை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. அட்டையில் உள்ள 'துளைகளை அடைக்காதது' என்ற சொற்றொடர் ஒரு நல்ல அறிகுறி மட்டுமே. எல்லோருக்கும் பொதுவான கட்டாயச் சோதனை எதுவும் அதன் பின்னால் இல்லை. ரெட்டினாய்டோ (வைட்டமின் ஏ வகைப் பொருள்) அமிலங்களோ கொண்ட வேறு புதிய பொருளை இந்த மாதத்தில் சேர்க்காதீர்கள்.

படி 6: கூந்தல்

தோலுக்குப் பொருந்தும் தர்க்கம் கூந்தலுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்றது. அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், 30 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு இரண்டரை வயது ஆகிறது. நெடுநாள் துவைத்துத் துவைத்து நைந்துபோன துணியைப் போன்றது அந்த நுனி. வேருக்கு அருகே உள்ள முடிக்கும் அதற்கும் தேவைகள் வேறு. 'சேதத்தை முற்றிலும் குணப்படுத்தும்' என்ற வாக்குறுதியை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் 'வறண்ட கூந்தல்' என்று சொல்வது பெரும்பாலும் நீர் குறைந்த கூந்தலை அல்ல, மேற்பரப்பு கரடுமுரடான கூந்தலை. முடியின் வெளிப்புறத்தில் ஓடுகள் வேய்ந்தது போல் அடுக்கியுள்ள செதில்களும், அவற்றின் மேலுள்ள கொழுப்புப் படலமும் தேய்ந்துபோனால், விரலுக்கு அது மொரமொரப்பாகத் தெரிகிறது. காற்றில் ஈரம் மிகும் நாள்களில் முடி அதிக நீரை உறிஞ்சுகிறது. ஆனால் அன்றுதான் அது சிலிர்த்துக்கொண்டு அடங்காமல் நிற்கிறது. ஆகவே கூந்தலுக்கான 'ஈரப்பதப் பொருள்' என்பது உண்மையில் வழுக்கலையும் காப்பையும் தருவது. அதன்படியே அதைச் சோதிக்க வேண்டும்.

கண்டிஷனரில் பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு, சீட்ரைமோனியம் குளோரைடு போன்ற நேர்மின் தன்மையுள்ள பொருள்கள் இருக்கும். சேதமடைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை மிகுதி என்பதால், அவை எங்கே தேவையோ அங்கேயே அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. ஷாம்புவுக்குப் பின் கண்டிஷனரைத் தவிர்த்துவிட்டு, விலையுயர்ந்த சீரத்தில் ஈடுகட்ட முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து.

சோதனைக்கு நடுவகிடு எடுத்து, ஒரே ஷாம்புவால் தலை முழுவதையும் கழுவி, இடப்பக்கம் பழைய கண்டிஷனரையும் வலப்பக்கம் புதியதையும் நுனியிலிருந்து பாதி நீளம் வரை தடவுங்கள். ஒரே நேரம் ஊறவிட்டு, தனித்தனியே அலச வேண்டும். பிறகு அகலப் பற்கள் கொண்ட சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகச் சிக்கெடுங்கள். நனைந்த முடி அதிகம் நீளும், எளிதில் சேதமாகும். அதனால் ஈரத்தில் சீப்பு எத்தனை இடங்களில் மாட்டுகிறது என்பதுதான் மிக முக்கியமான அளவுகோல். காய்ந்த பின் சீப்பிலும் தோளிலும் உதிர்ந்தவற்றைப் பாருங்கள்: ஒரு முனையில் சிறு வெண்குமிழ் உள்ளவை வேரோடு இயல்பாக உதிர்ந்தவை, குமிழில்லாத குட்டைத் துண்டுகள் உடைந்தவை. நல்ல கண்டிஷனர் குறைப்பது இந்த இரண்டாவதைத்தான்.

அடுத்த தலைக்குளியல் வரை எப்படி இருக்கிறது என்பதையும், நான்கைந்து குளியலுக்குப் பின் எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை பட்டுப்போல் இருந்த கூந்தல் நாளடைவில் கனத்து, தொய்ந்து, அழுக்கானது போல் தோன்றினால், கரையாத சிலிகோன்களோ எண்ணெய்களோ படிந்துகொண்டிருக்கலாம். ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்புவால் ஒரு முறை கழுவிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். கடின நீரில் குளிப்பவர்களுக்குக் கால்சிய உப்பும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால் கண்டிஷனர் மீது அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம்.

எண்ணெய்களைச் சோதிப்பவர்கள் எல்லா எண்ணெயையும் ஒன்றாகக் கருதக் கூடாது. தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது. அதன் முதன்மைக் கொழுப்பான லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள் புக முடிகிறது என்று விளக்கப்பட்டது. அதைக் குளிப்பதற்கு முன் தடவுவதே பொருத்தம். மற்ற எண்ணெய்கள் குளித்த பின் ஓரிரு துளி தடவிப் பளபளப்பு பெறுவதற்கு ஏற்றவை.

தலையில் செதில் கொட்டுவதை வறட்சி என்று எண்ணி எண்ணெயைக் கூட்டுவது பரவலான பழக்கம். பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. எண்ணெய் அதற்கு உணவு. அரிப்போடு கூடிய எண்ணெய்ப் பசையான செதிலுக்குப் பொடுகு ஷாம்புதான் முதல் மருந்து. முடியை ஒரு குவளை நீரில் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பிப் பொருள் வாங்க வேண்டாம். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் காற்றுக்குமிழியும் அதன் முடிவை எளிதில் மாற்றிவிடும்.

படி 7: உதடு

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை, எண்ணெய்ச் சுரப்பிகளும் ஏறத்தாழ இல்லை; மேற்படலம் மிக மெல்லியது. கன்னத்தைவிட வேகமாக அங்கிருந்து நீர் ஆவியாகிறது. எனவே உதட்டுக்குத் தேவை முதலில் மேலே நிற்கும் தடுப்புப் படலம், பிறகுதான் மற்றவை. பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, கேண்டலில்லா மெழுகு, ஆமணக்கு எண்ணெய் போன்றவை பட்டியலின் தொடக்கத்தில் இருக்கும் எளிய லிப் பாம் போதும்.

மெந்தால், கற்பூரம், லவங்கப்பட்டைச் சுவை, புதினா எண்ணெய் ஆகியவை தரும் சில்லென்ற அல்லது விறுவிறுப்பான உணர்வைப் பலர் 'மருந்து வேலை செய்கிறது' என்று புரிந்துகொள்கிறார்கள். வெடித்த உதட்டில் அது எரிச்சல்தான். சுவையூட்டிய பாம்கள் வேறொரு கெடுதலையும் செய்யும்: சுவைக்காக நாக்கு உதட்டைத் தேடிப் போகும். எச்சில் ஆவியாகும்போது வறட்சி கூடும், அதிலுள்ள செரிமான நொதிகளும் மெல்லிய தோலைப் புண்ணாக்கும்.

உதட்டில் இடம்-வலம் ஒப்பீடு நடக்காது. பேசும்போதே இரண்டும் கலந்துவிடும். ஒரு வாரம் ஒரு பாம், இரண்டு மூன்று நாள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, அடுத்த வாரம் மற்றொன்று என்று மாற்றி மாற்றிச் செய்வதே வழி. பகலில் உணவும் நீரும் துடைத்துவிடுவதால், இரவு படுக்கும் முன் தடவிக் காலையில் பல் துலக்கும் முன் பார்ப்பதே நம்பத்தகுந்த அளவீடு. பகலில் எத்தனை முறை மறுபடி தடவத் தோன்றியது என்பதைக் குறியுங்கள். நாளுக்கு நாள் அந்த எண்ணிக்கை குறைந்தால் பாம் நல்லது. கூடிக்கொண்டே போனால், பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் உட்பொருள் பட்டியலை மறுபடி பாருங்கள்.

எந்தப் பாமும் உதவவில்லை என்றால் சந்தேகத்தைப் பற்பசையின் பக்கம் திருப்பலாம். அதிலுள்ள சுவைப் பொருள்களும் நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட்டும் உதட்டோரத்தை உறுத்துவதுண்டு. வாய்க் கோணத்தில் மட்டும் வெடித்து, சிவந்து நிற்பது பல சமயம் பூஞ்சைத் தொற்றாக இருக்கும்; அதற்கு லிப் பாம் போதாது. கீழுதட்டில் ஒரே இடத்தில் சில வாரங்களாக ஆறாமல் சொரசொரப்பாக இருக்கும் திட்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் நெடுங்கால வெயிலின் பாதிப்பு அந்த வடிவில்தான் தொடங்கும். வெயிலில் அதிகம் நடமாடுபவர்கள் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள பாமைப் பகலுக்கென்று தனியே சோதித்து வைத்துக்கொள்ளலாம்.

மாதிரிப் பொட்டலங்களும் பாதுகாப்பும்

கடையில் பலரும் விரல்விட்ட திறந்த டப்பாவிலிருந்து உதட்டிலோ கண்ணருகிலோ எதையும் தடவிப் பார்க்காதீர்கள். பம்ப் அல்லது டியூபிலிருந்து புறங்கையில் மட்டும், அதுவும் பிசுபிசுப்பையும் வாசனையையும் அறிவதற்காக மட்டும். ஒரு முறை பயன்படுத்தும் சிறு பொட்டலம் இரண்டு வாரச் சோதனைக்குப் போதாது. ஆனால் முன்கை ஒவ்வாமைச் சோதனைக்கு அது மிகச் சரியான அளவு. திறந்ததை மடித்து மூடிச் சுத்தமாக வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

திறந்த மூடியுள்ள டப்பாவின் சிறு படமும், அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் அட்டையில் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டுங்கள். நீர் கலந்த க்ரீமில் ஈர விரலை விடாமல் சிறு கரண்டியைப் பயன்படுத்துவது நல்லது. நிறமோ மணமோ மாறினாலும், எண்ணெயும் நீரும் பிரிந்து நின்றாலும் அதைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத அபாயம் ஒன்றுண்டு. கொழுப்பு மிகுந்த க்ரீம்களும் பெட்ரோலியம் ஜெல்லியும் ஊறிய உடைகள், படுக்கை விரிப்புகள், கட்டுத்துணிகள் ஆகியவை தீப்பற்றினால் மிக வேகமாக எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. துவைத்தாலும் அந்தப் படிவு முழுமையாகப் போவதில்லை. உடல் முழுவதும் தடித்துப் பூசிச் சோதிப்பவர்கள் அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் ஆகியவற்றின் அருகே செல்லும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தேறிய பொருளின் உட்பொருள் பட்டியலைப் படம் எடுத்து, சோதனைக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் அதே பெயரிலும் அதே டப்பாவிலும் கலவையை மாற்றுவதுண்டு. மறுமுறை வாங்கும்போது புதிய பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டு, முதல் ஐந்தாறு பெயர்களோ வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ மாறியிருந்தால், முன்கைச் சோதனையை மட்டுமாவது மறுபடி தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்.